டி டிரைவில் நாற்பத்தோராம் கிணறு

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்காரியிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, அதுவா நின்னுபோச்சு" என்பார்கள். கீபோர்டைக் கவிழ்த்தால் டீ சொட்டும். திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. எங்கப்பா ஆரோக்கியநாதன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் பிரம்பால் செய்ததை நான் வாயால் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ஜினோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கடைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு போர்டு தொங்கும். "டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல." யாராவது அழுதால் நான் பேசவே மாட்டேன், அதைக் கைகாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்தப் போர்டு தொங்கியது போன புதன்கிழமை வரைக்கும்தான்.

முத்துமீனா மற்றவர்கள் மாதிரி இல்லை. பேரையூர்ப் பக்கத்துக் கிராமம், மதுரையில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி. லேப்டாப்பில் என்ன கோளாறு என்று கேட்டால் டாக்டரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வாள். எத்தனை மணிக்கு ஆன் செய்தாள், எத்தனை தடவை பீப் சத்தம் வந்தது, பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாள், எல்லாம். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் நான் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பேன்.

அவளுடையது ரெண்டாங்கை லேப்டாப், விண்டோஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ரெண்டு வாரத்துக்கு முன்னால் அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டத்தையும் போட்டுக் கொடுத்தேன். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும், தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். புதன்கிழமை காலை பத்தரைக்கு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, லினக்ஸ் பறக்குது. விண்டோஸ் இனி வேணாம். அதை எடுத்துட்டு அந்த எடம் பூராத்தையும் லினக்ஸுக்கே குடுத்துருங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எனக்கு வைவா. போன மாசம் ஒரு பிள்ளைக்கு செமினார் நடுவுல விண்டோஸ் அப்டேட் வந்து முக்கால் மணி நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அந்தத் தலைவலியே வேணாம்."

வைவா என்றால் வாய்மொழிப் பரீட்சை; பரீட்சைக்கு முந்தின நாள் ஹார்ட் டிஸ்க்கில் யாரும் கை வைக்கக்கூடாது. இதை நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் லினக்ஸ் பறக்குது என்று ஒருத்தி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அரை மணி நேர வேலை. காப்பி எடுத்தாச்சா?" என்றேன்.

"எடுத்தாச்சுக்கா."

அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரே நிலம். அதை மனை மனையாகப் பிரித்துக் கல் ஊன்றுவதுதான் பார்ட்டிஷன். எந்த மனை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். விண்டோஸ் அந்த மனைகளை சி, டி என்று எழுத்தால் கூப்பிடும். லினக்ஸில் எழுத்து கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான். திரையில் விண்டோஸ் மனைகள் மூன்று வரிசையாக நின்றன. மூன்றையும் அழித்தேன், ஒரே மனையாகச் சேர்த்தேன், லினக்ஸுக்கு ஏற்ற மாதிரி ஃபார்மேட் செய்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு மனையிலும் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டம் பக்கத்திலேயேதான் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். திறந்து பார்த்தாள்.

"அக்கா, டி டிரைவ் எங்க?"

"என்ன டி டிரைவ்?"

"என்னோட ரீடிங் எல்லாம் அதுலதான இருக்கு. சி-ல இருந்தத நேத்து ராத்திரி அம்புட்டையும் டி-க்கு மாத்திட்டேன்."

"காப்பி எடுத்தாச்சுன்னு சொன்ன?"

"ஆமா. டி-ல எடுத்தேன்." அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "நீங்கதானக்கா சொன்னீங்க. சி-ல எதையும் வைக்காத, டி-ல வை, விண்டோஸ் போனாலும் டி போகாதுன்னு."

சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மட்டுமா, இந்தக் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். மதுரையில் எந்தக் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். டி என்பதும் அதே டிஸ்க்கில் இன்னொரு மனைதான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

என் கை தானாக பவர் பட்டனுக்குப் போனது. அணையும்வரை அழுத்திப் பிடித்தேன். "இனிமே இதை யாரும் ஆன் பண்ணக்கூடாது" என்றேன்.

"என்னென்ன இருந்துச்சு, சொல்லு."

சொன்னாள், வழக்கம்போல வரிசையாக. பேரையூருக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் நடுவில் நூற்றுப்பன்னிரண்டு கிணறுகள். மூன்று வருஷம், மாதம் ஒரு தடவை தம்பி சங்கிலியின் பைக்கில் போய் ஒவ்வொன்றிலும் டேப் இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளந்திருக்கிறாள். நாலாயிரத்து முப்பத்திரண்டு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் டேப்போடு ஒரு போட்டோ. அளந்த இடத்திலேயே லேப்டாப்பில் ஏற்றிவிடுவாள், நோட்டு கிடையாது. செல்போனில் இருந்த படங்களை இடமில்லாமல் அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இன்டர்நெட்டில் ஏற்றலாம் என்றால், அவள் வீட்டில் சிக்னலுக்கு வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் இருப்பது கடைசியாகச் சுருக்கிய அட்டவணைகள் மட்டும்.

"வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் மூல ரீடிங்கையும் போட்டோவையும் காட்டச் சொல்லியிருக்காருக்கா. எங்க டிபார்ட்மெண்ட்லயே ஒருத்தரு, கிணத்தையே பாக்காம எழுதியிருப்பான்னு ரெண்டு வருஷமாப் பேசிக்கிட்டுத் திரியிறாரு. நாளைக்கு வெறுங்கையோட போனா அவரு சொன்னதுதான் உண்மைன்னு ஆகிப்போகும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "என் தப்புத்தான். காப்பி எடுத்தாச்சுன்னு நாந்தான சொன்னேன்" என்றாள். அவள் கண் சுவரில் இருந்த போர்டில் நின்றது.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் போர்டைக் கழற்றி மேஜைக்கு அடியில் வீசினேன்.

"தப்பு என்னுது. டி-ல வைன்னு சொன்னவ நான், கேக்காம அழிச்சவளும் நான். இதை நான் எடுத்துத் தாரேன். நீ அந்தக் கடையில போயி ரெண்டு டீ சொல்லிட்டு வா."

எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். கல்லைப் பிடுங்கினால் மனைதான் போகும், மண் எங்கேயும் போகாது. புதுசாகக் கட்டிடம் எழுப்பினால்தான் ஆபத்து. நான் ஃபார்மேட் செய்ததில் அங்கங்கே நாலு செங்கல் வைத்த மாதிரிதான் ஆகியிருக்கும், உடனே அணைத்தும்விட்டேன். டிஸ்க்கைக் கழற்றிக் கடை மெஷினில் மாட்டி, அதில் ஒரு எழுத்துகூடப் புதிதாக ஏறாதபடி பூட்டிவிட்டு, முழு டிஸ்க்கையும் அப்படியே பெரிய டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுக்க விட்டேன். இனி எதைத் தோண்டினாலும் அந்த நகலில்தான் தோண்டவேண்டும்.

நகல் முடிய ரெண்டு மணி நேரம் ஆனது. அதுவரை வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினேன். முத்துமீனா திரையில் ஏறும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் வரலைன்னாக்கூட, நாப்பத்தொண்ணாம் நம்பர் மட்டும் வந்துரணும்க்கா" என்றாள்.

"ஏன், அதுல என்ன?"

"எங்க ஊர்ப் பெரிய தோட்டத்துக் கிணறு. எங்கம்மா கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்தத் தோட்டத்துலதான் களையெடுத்துச்சு. தாகம்னா கரையில நிக்கணும், தோட்டத்துக்காரவுக மோந்து கையில ஊத்துவாக. படியில கால வைக்கக்கூடாது. எங்க ஆளுக யாருமே வச்சதில்ல." நிறுத்தாமல், குரலை ஏற்றாமல் சொன்னாள். "நான் காலேஜ் கடுதாசியக் காட்டிக் கேட்டப்ப அவுகளால மாட்டேன்னு சொல்ல முடியல. ரெண்டு வருஷம் நானும் சங்கிலியும் அளந்தோம். போன சித்திரையில அவனுக்குக் காய்ச்சல், டேப் பிடிக்க ஆளில்ல. அம்மா வந்துச்சு. செருப்பைக் கரையில விட்டுட்டுப் பதினோரு படி எறங்கி டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்தப் படம் அதுலதான் இருக்கு. வைவா முடிஞ்சதும் காட்டுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

டீ ஆறிப்போச்சு, குடி என்றேன்.

ஒன்றேகாலுக்கு நகல் முடிந்தது. பழைய மனைகளின் எல்லைகளைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டேன். ரெண்டாங்கை லேப்டாப்பின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. முன்னால் வைத்திருந்தவர் அதைப் பலமுறை பிரித்துப் பிரித்துக் கலைத்திருக்கிறார். திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினோரு பழைய மனைகள் வந்து நின்றன. அதில் நாலு ஒரே அளவு, 97.66 ஜிபி. முத்துமீனாவின் டி டிரைவும் 97.66 தான், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சரியான எல்லையைப் பிடித்தால் உள்ளே இருப்பது வரிசையாக வரும். தப்பான எல்லையைப் பிடித்தால் குப்பைதான், அது குப்பை என்று தெரிவதற்கே ஒரு மணி நேரம் தேடவேண்டும்.

திரையில் அந்த நாலில் முதல் வரியைப் பிடித்தேன். இரண்டரை மணிக்கு யார் வீட்டுக் காதுகுத்துப் படங்களோ வந்தன, பாதி பாதியாக. இரண்டாவது வரியில் அதுவும் வரவில்லை. மணி நாலாகப் போகிறது. என் தைரியம் இறங்கத் தொடங்கியது, இறங்கினால் எனக்குக் கோபம்தான் வரும்.

"யாரு இந்த டிஸ்க்கைப் பிரிச்சுக் குடுத்தது?"

"சங்கிலிதான். லேப்டாப் வாங்குன அன்னைக்கு."

"போன் போடு."

சங்கிலி டி. கல்லுப்பட்டியில் ஒரு புது வீட்டில் வயரிங் செய்துகொண்டிருந்தான். பின்னால் டிரில்லிங் மெஷின் சத்தம். நான் நலம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, டி டிரைவ் பிரிக்கும்போது அளவு கேட்டிருக்கும்ல, எம்புட்டுன்னு போட்டீங்க?"

"லட்சம் எம்பி-க்கா." பிறகு அவனே திருத்தினான். "லட்சத்து ஒண்ணு."

"அதென்ன ஒண்ணு?"

"முழுசா யாருக்கா போடுவா? விசேஷத்துக்கு வச்சாலும் நூத்தியொண்ணாத்தான வைக்கிறோம். அக்கா படிப்புக்குன்னு வாங்குன பொட்டி. முழுசாப் போட்டா அதோட முடிஞ்சமாதிரி ஆயிரும்ல. ஒண்ணு சேத்துப் போட்டாத்தான் மேல மேல வளரும்."

வேறொரு நாள் என்றால் இதற்கு நான் அவனை ஒரு மணி நேரம் கிண்டல் செய்திருப்பேன். கம்ப்யூட்டருக்கு மொய் வைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரை அளவைச் சுருக்கிக் காட்டுகிறது. லட்சம் எம்பியும் 97.66 தான், லட்சத்து ஒன்றும் 97.66 தான். டிஸ்க் நிஜமாக எண்ணுவது சின்னச் சின்னக் கட்டங்களில், ஒரு எம்பிக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு கட்டம். நாலு வரிகளையும் கட்டக் கணக்கில் காட்டச் சொன்னேன். மூன்று வரிகளில் 204800000. கடைசி வரியில் மட்டும் 204802048. கணக்கு வாத்தியார் மகளுக்கு அதைக் கழித்துப் பார்க்கப் பேப்பர் தேவைப்படவில்லை. வித்தியாசம் சரியாக இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு, அதாவது ஒரே ஒரு எம்பி. சங்கிலி சேர்த்துப் போட்ட ஒன்று.

அந்த வரியைப் பிடித்தேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம் ஆகவில்லை. ரெண்டு நிமிஷத்தில் ஃபோல்டர்கள் வந்து விழத் தொடங்கின. கிணறு 001. கிணறு 002. கிணறு 003. முத்துமீனா நாற்காலியை விட்டு எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

திறந்தேன். முப்பத்தாறு படங்கள். போன சித்திரை மாதப் படத்தைத் தட்டினேன். கருங்கல் படிகள், கீழே பச்சையாகத் தண்ணீர், படியில் வெறுங்காலோடு ஓர் அம்மாள். சேலையை இழுத்துச் செருகியிருக்கிறாள், ஒரு கையில் மஞ்சள் டேப். கேமராவைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒச்சாயி" என்றாள் முத்துமீனா. "எங்கம்மா பேரு."

எல்லாம் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. அறுபத்தொரு படங்கள் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தன, நான் வைத்த செங்கல் விழுந்த இடங்கள். அளவுகள் எழுதியிருந்த ஃபைல் முழுசாக வந்துவிட்டது, நாலாயிரத்து முப்பத்திரண்டு வரியும். அவள் அங்கேயே உட்கார்ந்து அந்த அறுபத்தொன்றின் நம்பர்களையும் குறித்துக்கொண்டாள். "கேட்டா உள்ளதைச் சொல்லிருவேன்" என்றாள்.

"கேட்டா என் நம்பரைக் குடு, நான் பதில் சொல்றேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

நகல்கள் மூன்று எடுத்தேன். ஒன்று அவள் பையில், ஒன்று கைடுக்கு அனுப்ப, ஒன்று என் பீரோவில். வேறு வேறு டிஸ்க், வேறு வேறு இடம். அதற்குப் பிறகுதான் அவள் லேப்டாப்பை மறுபடி பிரித்தேன், லினக்ஸுக்கு ஒரு மனை, கிணறுகளுக்கு ஒரு மனை. அளவு கேட்டபோது இரண்டு லட்சம் என்று அடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடைசி சைபரை அழித்து ஒன்று போட்டேன். முத்துமீனா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் மகளுமாக வந்தார்கள். ஒச்சாயியை நான் படத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முனைவர் முத்துமீனா வந்திருக்கேன்க்கா" என்றாள் மகள்.

"தெரியும், முகத்துலயே இருக்கு. என்ன கேட்டாங்க?"

"ஏதாச்சும் ஒரு கிணத்தத் தெறந்து காட்டுங்கன்னாரு அந்த எக்ஸாமினரு. நானே நாப்பத்தொண்ணத் தெறந்தேன். அளவு சரியான்னு டேப்பைப் பெருசாக்கிப் பாத்தாரு. பன்னெண்டு மீட்டர் நாப்பது, ஃபைல்ல இருக்கிறதேதான். டேப் பிடிச்சிருக்கிறது யாருன்னு கேட்டாரு. என்னோட ஃபீல்டு அசிஸ்டெண்ட், எங்கம்மான்னு சொன்னேன். அந்த ரெண்டு வருஷமாப் பேசுன ஆளு கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. வாயே தொறக்கல."

"சாம்பல் படம்?"

"நானே சொல்லிட்டேன். எக்ஸாமினரு சிரிச்சாரு. அவரும் ஒருக்கா டி-ல வச்சுத் தொலைச்சவராம்."

ஒச்சாயி அதுவரை கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாயி, அந்தப் படத்தப் பெருசாப் போட்டுத் தருவியா? பிள்ள காட்டுச்சு, செல்லுல சின்னதாத் தெரியுது."

"என் பிரிண்டர்ல இந்தப் பேப்பர் அளவுக்குத்தான் வரும்மா."

"அது காணாது."

"எம்புட்டுப் பெருசா வேணும்?"

எழுந்து நின்று ரெண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். நான் எதிர்த்த ஃப்ளெக்ஸ் கடைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் அழகுபாண்டி படத்தைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம், கீழே என்ன எழுதணும், வாழ்த்துகிறவர்கள் பெயர் உண்டா என்று கேட்டார்.

"பேரெல்லாம் வேணாம்" என்றார் ஒச்சாயி. "தண்ணி எம்புட்டு ஆழத்துல கெடந்துச்சுன்னு மட்டும் போடு. எங்க வீட்டு வாசல்ல கட்டணும். அந்தத் தோட்டத்துக்காரவுக தெனமும் எங்க தெரு வழியாத்தான் டிராக்டர்ல போறாக. டிராக்டர் மேல உக்காந்து பாத்தாலும் படியில நிக்கிறது நான்தான்னு தெரியணும்."